அது எதுக்குச் செத்துச்சு?

பேய்க்கதை படிக்கிறவர்களைப் பார்த்து ஊர் பயப்படுவதில்லை. காதல் கதை படிக்கிறவர்களைப் பார்த்துத்தான் பயப்படும். அதுவும் படிப்பது பெண்ணாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அப்படியானால் பேயே காதலிக்கிற கதையைப் படித்தால்? திட்டுவதா, தாயத்து கட்டுவதா என்று வீட்டில் குழம்பிப் போவார்கள். அந்தக் குழப்பம்தான் கான்சாபுரத்துக் கல்லூரி மாணவி ஒருத்திக்கு வசதியாகப் போய்விட்டது.

கான்சாபுரம் தெரியாதவர்களுக்கு: ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து ஊர். 2025-ல் இன்ஸ்டாகிராமில் திடீரென்று பிரபலமான கூமாபட்டிக்குப் பக்கம்தான். அங்கிருந்து தினமும் கல்லூரிக்கு பஸ் ஏறுகிற இந்தப் பெண், போக வர இருக்கிற நேரம் முழுக்க போனில் நாவல் படிக்கிறாள். அவளுக்கு இரண்டே நிபந்தனைகள். ஒன்று, சிரிப்பு வர வேண்டும். இரண்டு, காதல் இருக்க வேண்டும். கூடவே ஒரு ரத்தக்காட்டேரி இருந்தால் ரொம்ப சந்தோஷம் :-)

சமீபத்தில் அவள் முடித்தது மேரிஜானிஸ் டேவிட்சன் எழுதிய 'அன்டெட் அண்ட் அன்வெட்'. 2004-ல் வந்த நாவல். பெட்ஸி என்கிற பெண்ணுக்கு வேலை போய்விடுகிறது. அதோடு கார் மோதிச் செத்தும் போகிறாள். கண் விழித்தால் பிணம் வைத்திருக்கிற இடம்! அவள் ரத்தக்காட்டேரியாகிவிட்டாள். ஆனால் அவளுடைய பெரிய கவலை அது இல்லை. காலில் சித்தியுடைய மட்டமான ஷூவை மாட்டிவிட்டிருக்கிறார்கள், அதுதான் கவலை. நல்ல செருப்புக்காக உயிரையே (அதாவது, போன உயிரையே) விடத் தயாராக இருக்கிற ஒருத்தி ரத்தக்காட்டேரிகளின் மகாராணியாகிறாள் என்பதுதான் கதை.

அடுத்தது சார்லைன் ஹாரிஸின் 'டெட் அன்டில் டார்க்', 2001. சூக்கி ஒரு மதுக்கடையில் பரிமாறுகிற பெண். அடுத்தவர் மனதில் ஓடுவதெல்லாம் அவளுக்குக் கேட்டுவிடும். கேட்க ஆசையாக இருக்கும், ஆனால் நினைத்துப் பாருங்கள். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆண் என்ன நினைக்கிறான் என்று நொடிக்கு நொடி காதில் விழுந்தால் எப்படிக் காதலிப்பது? அங்கேதான் பில் என்கிற ரத்தக்காட்டேரி வருகிறான். அவன் மனது மட்டும் அவளுக்குக் கேட்கவில்லை. அந்த அமைதிக்காகவே அவனைப் பிடித்துப்போகிறது. சூக்கியுடைய பாட்டி இன்னும் ஒரு படி மேலே. பில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டை போட்டவன் என்று தெரிந்ததும், பாட்டி கேட்பது ஒரே ஒரு உதவி: எங்கள் சங்கத்துக் கூட்டத்தில் வந்து பேசுவானா?

2005-ல் வந்த 'ட்வைலைட்'டையும் அவள் படித்தாள். ஆனால் மனதில் ஒட்டவில்லை. எட்வர்ட் வெயிலில் நின்றால் உடம்பு மினுமினுக்குமாம். சித்திரை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றால் யாருக்குத்தான் மினுமினுக்காது?

சரி, தமிழுக்கு வருவோம். இங்கேயும் காதல், சிரிப்பு, பேய் மூன்றுக்கும் பஞ்சமே இல்லை. ஆனால் பெரும்பாலும் தனித்தனிக் கடை. காதலுக்கு ரமணிசந்திரன். ராணிமுத்து, மாலைமதி என்று கடைகளில் தொங்கிய மாத நாவல்களின் காலத்தில், ஒரே புத்தகம் அம்மா, சித்தி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று அட்டை கிழியும் வரை சுற்றும். அமானுஷ்யத்துக்கு இந்திரா சௌந்தர்ராஜன். 1990-களில் 'மர்மதேசம்' தொடராக சன் டிவியில் வந்தபோது குழந்தைகளைத் தூங்கவிடாமல் செய்தவர் அவர்தான். மதுரையில் வாழ்ந்து, 2024 நவம்பரில் மறைந்தார். ஆவியா அறிவியலா என்று கணேஷையும் வசந்தையும் மோதவிட்டு 'கொலையுதிர் கால'த்தில் வேடிக்கை பார்த்தவர் சுஜாதா. இவர்களில் சிலரைத் தமிழ் தெரியாதவர்களும் படிக்க வழி செய்தது, 2008-ல் சென்னையில் பிளாஃப்ட் பதிப்பகம் ஆங்கிலத்தில் கொண்டுவந்த தமிழ் ஜனரஞ்சகக் கதைத் தொகுப்பு. பிரீதம் சக்கரவர்த்தியின் மொழிபெயர்ப்பு. ரமணிசந்திரனும் இந்திரா சௌந்தர்ராஜனும் அதில் ஒரே அட்டைக்குள் இருக்கிறார்கள்.

இப்போது அந்த இடத்தை போன் பிடித்துக்கொண்டது. பிரதிலிபி போன்ற செயலிகளில் வீட்டு வேலை முடித்த கையோடு அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகிற பெண்கள் ஏராளம். முன்பு அட்டையைப் பார்த்தே என்ன புத்தகம் என்று வீட்டில் கண்டுபிடித்துவிடுவார்கள். போனுக்கு அட்டை கிடையாது. அது ஒரு பெரிய விடுதலை.

ஆனால் அந்த வீட்டில் ஒருவரை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. அப்பத்தா.

"என்னத்தா, போனைப் பார்த்து நீயாச் சிரிக்கிற?"

"பேய்க்கதை அப்பத்தா."

"பேய்க்கதைக்கா சிரிப்பு? அது எதுக்குச் செத்துச்சு?"

பேத்திக்குப் பதில் வரவில்லை. பெட்ஸி எதற்குச் செத்தாள்? கார் மோதிச் செத்தாள். அவ்வளவுதான். எட்வர்ட்? விஷக்காய்ச்சலில் சாகக் கிடந்தவனைக் காப்பாற்ற ஒருவர் கடித்துவிட்டார். "சும்மா செத்துச்சு அப்பத்தா" என்றாள். "சும்மா செத்தது எதுக்குப் பேயா வருது?" என்று கேட்டுவிட்டு அப்பத்தா படுத்துவிட்டார்.

யோசித்துப் பார்த்தால் அப்பத்தா கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. அமெரிக்கக் கதையில் சாவு என்பது ஒரு வாசல். அதைத் தாண்டினால் அழகு, பணம், முடிவில்லாத இளமை. காதல் அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் தலைகீழ். காதல் முதலில், சாவு அதனால், பேய் கடைசியில். இங்கே பேய் வருவது காதலிக்க இல்லை, கணக்குக் கேட்க.

2005-ல் வந்த 'சந்திரமுகி'யை எடுத்துக்கொள்ளுங்கள். வடிவேலு பயந்து நடுங்குவதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் யாராவது உண்டா? ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் இருக்கிற கதை என்ன? நாட்டியக்காரி ஒருத்தி குணசேகரன் என்பவனைக் காதலித்தாள். ராஜா அவன் தலையை வெட்டி, அவளை எரித்துக் கொன்றான். இவ்வளவு கொடூரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் தியேட்டரே சிரித்தது.

இன்னும் தெற்கே போனால் முத்துப்பட்டன் கதை. தென்மாவட்டங்களில் வில்லுப்பாட்டாகப் பாடப்படுவது, நா. வானமாமலை பதிப்பித்திருக்கிறார். பிராமணனான முத்துப்பட்டன், அருந்ததியர் குலத்தைச் சேர்ந்த பொம்மக்கா, திம்மக்கா என்ற சகோதரிகளைக் காதலிக்கிறான். பெண்களின் அப்பா போட்ட நிபந்தனைக்காகப் பூணூலை அறுத்து, செருப்புத் தைக்கிறான். கல்யாணம் நடந்த சூட்டோடு, மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் சாகிறான். பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள். இன்று பாபநாசம் மலையில் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலில் அவன் பட்டவராயன் என்ற தெய்வம். பக்தர்கள் அவனுக்குக் காணிக்கையாகக் கொடுப்பது செருப்பு. பெட்ஸியின் செருப்புக்குச் சிரித்த பெண் இதைப் படித்தபோது சிரிக்கவில்லை. இரண்டு கதையிலும் செத்தவர்கள், காதல், செருப்பு எல்லாம் இருக்கிறது. ஒன்றில் செருப்பு ஆசை, மற்றதில் செருப்பு விலை.

பழைய கதைதானே என்று தள்ளிவிடவும் முடியாது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். வேறு சாதிப் பெண்ணான கௌசல்யாவைக் கல்யாணம் செய்ததற்காக. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் மென்பொருள் பொறியாளர் கவின். கம்ப்யூட்டர் காலத்திலும் அப்பத்தாவின் கேள்விக்கு ஊர் பழைய பதிலையே எழுதிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவுக்கும், மனுஷ மாப்பிள்ளையே வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னதை ஏற்றுக்கொண்ட ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கதையைப் பேய்க்கதையோடு சேர்ப்பது முறையில்லை, சேர்க்கவும் வேண்டாம். ஆனால் தன் மனதில் இருப்பவனைத் தவிர வேறு யாரையும் கட்ட மாட்டேன் என்று ஒரு பெண் 143 பாசுரங்களில் வாய்விட்டுச் சொன்னதை ஊரே கொண்டாடுகிறது, ஆடிப்பூரத்துக்குத் தேர் இழுக்கிறது, பங்குனி உத்திரத்துக்குத் திருக்கல்யாணம் நடத்துகிறது. தேர் இழுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சொந்த மகளிடம் "உன் மனசுல யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்கிற அப்பாக்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். கான்சாபுரத்து வீட்டிலும் ஜாதகம் வெளியே போய்விட்டது. அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை.

அதனால்தானோ என்னவோ, இத்தனை காட்டேரிகளையும் தாண்டி அந்தப் பெண்ணுக்கு இப்போது ரொம்பப் பிடித்துப்போனது பேயே இல்லாத ஒரு ஜோடி. அப்புசாமி, சீதாப்பாட்டி. ஜ.ரா. சுந்தரேசன், பாக்கியம் ராமசாமி என்று அம்மா அப்பா பெயரைச் சேர்த்துப் புனைபெயராக வைத்துக்கொண்டு குமுதத்தில் எழுதியவை. அவர் 2017-ல் மறைந்தார். தாத்தா ஊர் வம்பை எல்லாம் விலைக்கு வாங்குவார். பாட்டி ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கிக்கொண்டு பாட்டிகள் முன்னேற்றக் கழகம் நடத்துவார். இருவருக்கும் ஒரு நாள்கூட ஒத்துப்போகாது. பிரிந்து போகவும் மாட்டார்கள்.

இதை யாரும் காதல் கதை என்று சொல்வதில்லை. நகைச்சுவை என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் காதலித்தவர்கள் சாமியாகவும் பேயாகவும் ஆகிற நாட்டில், இரண்டு பேர் உயிரோடு இருந்து, தலை நரைத்து, பல் விழுந்து, ஒரே வீட்டுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருப்பதை விடப் பெரிய காதல் கதை வேறு என்ன இருக்கிறது? அழியாத இளமை எட்வர்டுக்கே இருக்கட்டும். காதலிக்கிறவர்களுக்கு இங்கே கிடைக்க வேண்டியது முதுமை.