மாஸ்டரும் சரவணமுத்து மைதானமும்

நான் நேரில் பார்த்த ஒரே டெஸ்ட் மேட்ச் 1982 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நடந்த இந்தியா - இலங்கை மேட்ச்தான். அப்போது அரியலூர் பக்கம் ஒரு தபால் ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். (நம் ஊருக்குத்தான் ரயில் கிடையாதே!) கடைசி நாள் ஆட்டத்துக்காக ஒருநாள் லீவு போட்டு, அரியலூரில் ராத்திரி ரயில் ஏறினேன்.

இலங்கையைப் பொடியன்கள் என்று நினைத்துத்தான் போனோம். இந்தியா 566 அடித்து டிக்ளேர் செய்திருந்தது, கவாஸ்கர் 155. ஆனால் துலீப் மெண்டிஸ் என்ற குட்டை மனிதர் இரண்டு இன்னிங்ஸிலும் சரியாக 105, 105 அடித்தார். கடைசியில் 175 எடுத்தால் ஜெயம் என்று அவசர அவசரமாக ஆடிய நம்மவர்கள் 135க்கு 7 விக்கெட்டைப் பறிகொடுத்து, ஒருவழியாக டிரா செய்தார்கள். பக்கத்தில் இருந்த மயிலாப்பூர்ப் பெரியவர் ஒருவர், "இவா சீக்கிரம் ஜெயிக்க ஆரம்பிச்சுடுவா, பாருங்கோ" என்றார்.

அடுத்த வருஷம் ஜூலையில் இலங்கையில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அந்த அணியின் ஸ்கோரைக் கேட்கவே மனம் வரவில்லை.

1985ல் எங்கள் ஆபீஸ் கவுண்டருக்கு ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர் வர ஆரம்பித்தார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிடுவோம். கொழும்பில் வேலை பார்த்த ஒரே மகன் கலவரத்துக்குப் பிறகு எங்கே போனான் என்று தெரியவில்லை. தினமும் பதினோரு மணிக்கு, தபால் பிரித்து முடிக்கிற நேரமாகப் பார்த்து வருவார். "கடிதம் ஏதும் வந்ததோ, தம்பி?" இல்லை என்றதும் பெஞ்சில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போவார்.

கிரிக்கெட் என்றால் மட்டும் முகம் மாறும். சதாசிவம் 1947ல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 அடித்ததை நேற்று நடந்தது போலச் சொல்வார்.

அந்த செப்டம்பரில் கபில்தேவ் அணி இலங்கை போயிருந்தது. உலகக் கோப்பையை வென்ற அணி. 11ஆம் தேதி புதன்கிழமை, கவுண்டருக்குப் பின்னால் டிரான்சிஸ்டரை மெதுவாக வைத்திருந்தோம். நமக்கு 348 இலக்கு. மளமளவென்று விக்கெட் விழுந்தது. ருமேஷ் ரத்நாயக்க அந்த மேட்சில் மொத்தம் 9 விக்கெட் எடுத்தார். 198க்கு ஆல் அவுட். 149 ரன்னில் தோல்வி.

மாஸ்டர் அன்று பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லை. எனக்குள் என்ன எரிச்சலோ, வாய் தவறிச் சொல்லிவிட்டேன்: "சந்தோஷந்தானே மாஸ்டர்? உங்க ஆளுங்க ஜெயிச்சுட்டாங்க."

"எங்கட ஆக்களோ, தம்பி?" என்று கேட்டார். ஆபீஸே அமைதியாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அது சரவணமுத்துவின்ரை பேரிலை இருக்கிற மைதானம். மகன் அங்கதான் மேட்ச் பார்க்கப் போறவன்" என்றார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பெயரின் கதை எனக்குப் பிறகுதான் தெரியும். பாக்கியசோதி சரவணமுத்து என்ற தமிழர், இலங்கை கிரிக்கெட் வாரியத்தின் முதல் தலைவர். 1982 பிப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடியதும் அதே மைதானத்தில்தான். அன்று இங்கிலாந்துக்கு எதிராக இரண்டாவது இன்னிங்ஸில் 167க்கு 3 என்று நன்றாக இருந்தவர்கள், எட்டே ரன்னில் ஏழு விக்கெட்டை இழந்து 175ல் சுருண்டு தோற்றார்கள். அப்படித் தோற்ற இடத்தில் மூன்றரை வருஷத்தில், தங்கள் 14ஆவது டெஸ்டில் ஜெயித்திருக்கிறார்கள். நாம் 1932ல் ஆரம்பித்து, முதல் வெற்றியை 1952ல், 25ஆவது டெஸ்டில், சேப்பாக்கத்தில்தான் பார்த்தோம். நியூசிலாந்துக்கு 26 வருஷம் ஆனது. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் அன்று நான் கைதட்டியிருக்க வேண்டும்.

மாஸ்டர் நாலு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தார், வழக்கம்போலக் கேட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன், கேட்கவில்லை.

1987ல் திருச்சியில் உறவினர் வீட்டோடு போய்விட்டார். முகவரி மாற்றத்துக்கு மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். அதே வருஷம் கொழும்பில் குண்டு வெடித்து, நியூசிலாந்து அணி பாதியில் ஊர் திரும்பியது. ஐந்து வருஷம் அந்த மண்ணில் டெஸ்டே நடக்கவில்லை. வளர்ந்துகொண்டிருந்த அணி அப்படியே நின்றுபோனது. 1992ல் மறுபடி ஆரம்பித்தபோது கண்டியிலிருந்து முரளிதரன் என்ற தமிழ்ப் பையன் வந்தான். 1998ல் லண்டன் ஓவலில் ஒரே டெஸ்டில் 16 விக்கெட். 2010 ஜூலையில் காலியில், நமக்கு எதிராகவே, தன் கடைசி டெஸ்டில் 800ஆவது விக்கெட்.

அந்த 800ஐப் பெரம்பலூர் வீட்டில் டீவியில் பார்த்தேன். அப்போது மாஸ்டர் ஞாபகம்தான் வந்தது. அவர் திருச்சி போன மூன்றாம் மாதம், ஜெர்மன் ஸ்டாம்பு ஒட்டிய ஒரு கவர் அவர் பெயருக்கு வந்தது. அனுப்பியவர் பெயரில் அவருடைய இனிஷியல் இல்லை, அவர் பெயரே முன்னால் இருந்தது. பழைய முகவரியை அடித்துத் திருச்சி முகவரியை எழுதினேன். பையில் போடாமல், அன்று சாயங்காலம் நானே ஆர்.எம்.எஸ். வரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.