ஆறு வாள்

மகள் கைப்பேசியை என் முன்னால் நீட்டினாள். 78 டாரட் சீட்டுக்கு 78 வரி. சாவு என்றால் மாற்றம், கோபுரம் என்றால் அதிர்ச்சி, நட்சத்திரம் என்றால் நம்பிக்கை. இரண்டு கிழமையாகப் பாடமாக்கிக்கொண்டிருக்கிறாள். "அம்மா, இந்த வாள் சீட்டுகள்தான் மண்டையில ஏறுதில்லை. ஆறு வாளுக்கு என்ன அர்த்தம் எண்டு நீங்கள் சொல்லுங்கோ" என்றாள்.

வேறு எந்தச் சீட்டைக் கேட்டிருந்தாலும் உடனே சொல்லத் தொடங்கியிருப்பேன்.

ஆறு வாள் சீட்டில் ஒரு படகு போகிறது. முக்காடிட்டுக் குனிந்திருக்கும் ஒரு பெண். பக்கத்தில் ஒரு குழந்தை. நீளக் கோலை ஊன்றித் தள்ளும் படகுக்காரன். படகின் முன்பக்கத்தில் ஆறு வாள்கள் முனை கீழாகக் குத்தி நிற்கின்றன. ஒரு பக்கம் தண்ணீர் நெளிகிறது, மறுபக்கம் நெளிவில்லை. தொலைவில் மரங்கள் தெரியும் ஒரு கரை. மூன்று பேரில் ஒருவருடைய முகமும் நமக்குத் தெரியாது.

அதை நான் முதலில் பார்த்தது 2006-இல், கிழக்கு லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், இரவு வேலையில் இருந்தபோது. அங்கே நாடகக் கொட்டகைகளுக்கு உடுப்புத் தைத்து வாழ்ந்த ஒரு மூதாட்டி இருந்தார். தூக்கம் வராது. மூன்று மணிக்குத் தேத்தண்ணி கொண்டுபோனால், பிஸ்கட் பேணியைத் திறந்து, பட்டுத் துணியில் சுற்றிய சீட்டுக்கட்டை எடுப்பார். ஓர் இரவுக்கு ஒரு சீட்டுத்தான். கட்டோடு வந்த சிறு புத்தகத்தை என் கண்ணில் காட்டவே இல்லை. எத்தனை பேர் இருக்கிறார்கள்? யார் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள்? கையில் என்ன, காலடியில் என்ன, வானம் என்ன நிறம்? இவ்வளவும் சொல்லி முடித்த பிறகே, இது உனக்கு எதை நினைவுபடுத்துகிறது என்று கேட்பார்.

முதல் இரவில் பேதை. எண் பூச்சியம். முகத்தை மேலே தூக்கிக்கொண்டு மலைவிளிம்பில் நடக்கிற இளைஞன். தோளில் சிறு மூட்டை, கையில் வெள்ளை ரோசா, காலடியில் துள்ளுகிற நாய். "விழப்போகிறான்" என்றேன். நாய் என்ன செய்கிறது என்று கேட்டார். தடுக்கிறதா, கூடவே விளையாடுகிறதா? படம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. அன்று விடியும்வரை படுக்கை விரிப்புகளை மாற்றிக்கொண்டே அந்த நாயைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பேதையின் பொருளாக 'தொடக்கம்' என்ற ஒரு சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அந்த நாய் கிடைக்காது. தொடக்கத்தில் இருக்கிற பயமும் கிடைக்காது.

எட்டாம் இரவோ ஒன்பதாம் இரவோ ஆறு வாள் வந்தது. எத்தனை பேர் என்றார். மூன்று என்றேன். எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்றார். பதில் சொல்லாமல் வெளியே போய், தாழ்வாரத்தில் நெடுநேரம் நின்றேன்.

1990 ஆனியில் மறுபடி சண்டை தொடங்கிய பிறகு மன்னார்க் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான சனம் இராமேஸ்வரத்துக்குப் படகேறியது. நானும் அம்மாவும் பேசாலையில் ஏறினோம். எனக்கு 9 வயது. எஞ்சின் சத்தம், உதட்டில் உப்பு, முகத்தை மூடியிருந்த அம்மாவின் சேலைத் தலைப்பு. இவ்வளவும்தான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. அப்பா வரவில்லை. அடுத்த படகில் வருவதாகச் சொன்னவர். மண்டபம் முகாமில் அம்மா ஒவ்வொரு படகின் பெயர்ப் பட்டியலையும் விசாரித்துக்கொண்டிருந்ததும் ஞாபகம் இருக்கிறது. அவர் எந்தப் படகிலும் வரவில்லை.

அடுத்த இரவு மூதாட்டி அதே சீட்டை எடுத்து வைத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. படத்தின் மூலையில் பாம்புபோல் நெளிந்து கிடந்த ஒரு சிறு கையெழுத்தை நகத்தால் தொட்டுக் காட்டினார்.

பமீலா கோல்மன் ஸ்மித். 1878-இல் லண்டனில் பிறந்தவர், சிறுவயதில் சில காலம் ஜமெய்க்காவில் வளர்ந்தவர், புரூக்ளினில் ஓவியம் படித்தவர். எலன் டெரியும் ஹென்றி இர்விங்கும் நடித்த லைசியம் நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போனவர். 1909-இல் ஆர்தர் எட்வர்ட் வெய்ட் கேட்டுக்கொண்டபடி, 78 சீட்டையும் சில மாதங்களுக்குள் வரைந்து கொடுத்தார். கூலி சொற்பம். லண்டனில் வில்லியம் ரைடர் பதிப்பகம் வெளியிட்டதால் ரைடர்-வெய்ட் கட்டு என்ற பெயர் நிலைத்தது. வரைந்த பெண்ணின் பெயர் பல பத்தாண்டுகளுக்கு அதில் சேரவில்லை. 1951-இல் கார்ன்வாலில் கடனோடு இறந்தார். வீட்டுச் சாமான்கள் விற்கப்பட்டன. இதைச் சொல்லும்போது மூதாட்டியின் குரல் தடித்தது. மேடைக்குப் பின்னால் வேலை செய்தவர்களுக்கு நடப்பது இதுதான் என்றார். பல சீட்டுகளில் ஆட்களின் காலுக்குப் பின்னால் ஒரு நேர்க்கோடு ஓடும். அதற்குப் பின்னால் திரைச்சீலைபோல் மலையும் வீடும் நிற்கும். இது மேடைத்தளம், இவள் நாடகக்காரி என்று சொல்லி, ஒவ்வோர் உடுப்பின் மடிப்பையும் எனக்குக் காட்டுவார்.

புதிதாகச் சீட்டுப் பார்க்கிறவர்கள் பமீலாவுக்குப் பட்ட கடன் பெரிது. 78 சீட்டில் 22 பெரியவை. பேதை முதல் உலகம் வரை. மிச்சம் 56 சிறியவை. கோல், கிண்ணம், வாள், காசு என நான்கு இனம். கோலுக்கு நெருப்பும் கிண்ணத்துக்கு நீரும் வாளுக்குக் காற்றும் காசுக்கு மண்ணும் உரியவை என்பது பிற்கால வழக்கு. மனதுக்குள் எரிவது, நனைவது, வெட்டுவது, கையில் பிடிக்கக்கூடியது என்று நான் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பமீலாவுக்கு முன் பொதுவாகப் புழங்கிய கட்டுகளில் ஆறு வாள் என்றால் ஆறு வாள்தான். கோலம்போல அடுக்கியிருக்கும், ஆள் அரவம் இராது. அந்தப் படகை அங்கே விட்டவர் பமீலா.

சீட்டுகள் எகிப்திலிருந்து வந்த இரகசியம் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். 1781-இல் கூர் டி ஜெபெலின் என்ற பிரெஞ்சு அறிஞர் பாரிஸில் எழுதிய கதை அது. எகிப்தின் சித்திர எழுத்தை சாம்போலியோன் வாசித்துக் காட்டியதே 1822-இல்தான். எகிப்துக்கு உண்மையாகவே ஒரு பங்கு உண்டு, வேறு வழியில். மம்லூக் சுல்தான்கள் காலத்து விளையாட்டுச் சீட்டுகளில் கிண்ணம், காசு, வாள், போலோ மட்டை என நான்கு இனம் இருந்தது. அவை பதினான்காம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனபோது, போலோ தெரியாத ஊரில் மட்டை கோலாகிவிட்டது. பிறகு 1440 அளவில் மிலான், ஃபெரரா போன்ற வட இத்தாலிய நகரங்களில் பிரபுக்கள் அதோடு படச் சீட்டுகளைச் சேர்த்தார்கள். விளையாடத்தான் சேர்த்தார்கள். மிலானின் விஸ்கொன்தி-ஸ்போர்சா குடும்பத்துக்காகப் பொன் தகட்டின்மேல் தீட்டிய கட்டொன்றில் 74 சீட்டுகள் இன்றும் இருக்கின்றன. பேயும் கோபுரமும் அதில் இல்லை.

அம்மாவுக்கு இதெல்லாம் வேண்டாம். குறி பார்ப்பது பாவம். மடு மாதாவின் படம் இருக்கிற வீட்டில் இதைப் பரப்பாதே என்பார். நானும் அவர் முன்னால் பரப்பியதில்லை. நாளைக்கு என்ன நடக்கும் என்று சீட்டு சொல்லும் என்று நான் நம்பவில்லை. சொல்ல வாய் வராததை ஒரு படத்தின் மேல் விரல் வைத்துச் சொல்லிவிடுகிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்காகவே வைத்திருக்கிறேன் என்று அவரிடம் ஒருமுறை சொன்னேன். பதில் சொல்லவில்லை.

ஒரு பின்னேரம் ஒரு சீட்டு மேசைக்கடியில் விழுந்து கிடந்திருக்கிறது. அம்மா எடுத்துப் பார்த்துவிட்டு, சட்டென்று நெற்றியில் சிலுவை போட்டார். மூன்று வாள். மழை பெய்கிற சாம்பல் வானத்தில் ஒரு சிவந்த இதயம், அதில் மூன்று வாள் பாய்ந்திருக்கும்.

"வியாகுல மாதாவெல்லோ இது? ஏழு வாள் இருக்கவேணும். ஏன் மூண்டு?"

பத்தாண்டு சீட்டு வைத்திருந்தும் எனக்கு அது தோன்றவில்லை. நான் புத்தகத்தில் படித்திருந்தது வேறு. 1491 அளவில் வட இத்தாலியில் செதுக்கிய சோலா-புஸ்கா கட்டில் இப்படி ஓர் இதயம் இருக்கிறது. அதன் புகைப்படங்கள் 1907-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன. பமீலா அவற்றைப் பார்த்திருக்கவேண்டும் என்பார்கள். சரிதான். ஆனால் அந்த இத்தாலியர்கள் எங்கே பார்த்தார்கள்? ஒவ்வொரு ஞாயிறும் கோயில் சுவரில் பார்த்த பாஷையைத்தான் விளையாட்டுச் சீட்டில் வரைந்திருக்கிறார்கள்.

பிறகு அம்மா தானாகவே மற்றச் சீட்டுகளைக் கேட்டார். படமாகப் பார்க்கலாம்தானே என்று தனக்கே சொல்லிக்கொண்டார். காலடியில் இரண்டு திறப்பு குறுக்காகக் கிடக்கிற குருவைக் கண்டதும், "இராயப்பரின்ர திறப்பு" என்றார். பழைய கட்டுகளில் அந்தச் சீட்டின் பெயர் பாப்பரசர். உலகம் சீட்டின் நான்கு மூலைகளிலும் மனிதன், கழுகு, சிங்கம், எருது. நான்கு சுவிசேஷகர்களின் பெயரையும் வரிசையாகச் சொன்னார். வாளும் தராசும் வைத்திருக்கிற நீதி, சிங்கத்தின் வாயை மெல்லப் பிடிக்கிற திடம், இரு பாத்திரங்களுக்கிடையில் தண்ணீர் ஊற்றுகிற மட்டுத்திட்டம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, "விவேகம் எங்க?" என்றார். சின்ன வயதில் ஞானோபதேசத்தில் படித்த நான்கு தலையான புண்ணியங்கள். உண்மையில் விவேகத்துக்குத் தனிச் சீட்டு இல்லை. ஆய்வாளர்கள் நெடுங்காலமாகத் தேடிய சீட்டு அது. அம்மாவுக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது.

தொங்கும் மனிதனிடம் வெகுநேரம் நின்றார். இத்தாலியில் துரோகிகளை ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குவதாகச் சுவரில் வரைந்து அவமானப்படுத்துவார்கள். பழைய பட்டியல்களில் அந்தச் சீட்டின் பெயரே துரோகி. நான் அதைச் சொல்லத் தொடங்கினேன். அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "முகத்தைப் பார் பிள்ளை. நோவு இல்லை. தலையைச் சுத்தி ஒளி வேற இருக்கு. இராயப்பரும் தலைகீழாய்த்தானே தொங்கினவர்." பமீலா மரத்தில் இலைகள் தளிர்த்திருப்பதாக வரைந்திருக்கிறார் என்பதை அன்றுதான் கவனித்தேன். பொறுத்திருத்தல், வேறு கோணத்தில் பார்த்தல் என்று அந்தச் சீட்டுக்கு நான் எத்தனை பேருக்கு அர்த்தம் சொல்லியிருப்பேன்!

இந்தப் படங்களை வரைந்த பெண் 1911-இல் கத்தோலிக்கராகி, கார்ன்வாலின் லிசார்ட் முனையில் குருமார் வந்து தங்கி ஆறுவதற்கு ஒரு வீடு நடத்தினவர் என்று சொன்னேன். "முதலே சொல்லியிருக்கலாமே" என்றார் அம்மா.

சாவு சீட்டை மகளுக்கு அம்மாதான் விளங்கப்படுத்தினார். சோதனை முடிவு வரவிருந்த கிழமை மகளுக்கு அது வந்து, பயந்துபோயிருந்தாள். வெள்ளைக் குதிரையில் எலும்புக்கூடு, கறுப்புக் கொடியில் வெள்ளை ரோசா. அரசன் விழுந்து கிடக்கிறான், முடி மண்ணில். ஆயர் கைகூப்பி நிற்கிறார். ஓர் இளம்பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "சின்னப் பிள்ளை ஒண்டு பூவோட பாக்குதெல்லோ? அதுமட்டும்தான் நேர பாக்குது. நீயும் அப்பிடிப் பார்" என்றார். தூரத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவில் சூரியன் இருப்பதை மகள் பிறகு தானாகவே கண்டுபிடித்தாள். கைப்பேசியில் இருந்த 'மாற்றம்' என்ற சொல்லால் அந்தப் பயத்தைத் தொடமுடியவில்லை.

ஆறு வாளை மட்டும் நான் அம்மாவுக்குக் காட்டியதில்லை. அந்தக் கட்டிலிருந்து அதை உருவி, புத்தக அலமாரியில் வைத்திருந்தேன். அதற்கான என் அர்த்தங்கள் தயாராக இருந்தன. கொந்தளிப்பிலிருந்து அமைதிக்குப் போவது. வாள்களைப் பிடுங்கினால் ஓட்டை வழியே தண்ணீர் ஏறும், அதனால் துயரத்தையும் ஏற்றிக்கொண்டுதான் அக்கரை போகவேண்டும். எத்தனையோ பேருக்குச் சொல்லி, எத்தனையோ பேர் கண்ணைத் துடைத்த அர்த்தம். படகு முக்கால் வழி வந்துவிட்டது, கரை தெரிகிறது என்பேன்.

மகள் கேட்ட அன்று, எழுந்துபோய் அந்தச் சீட்டை எடுத்து வந்து மேசையில் வைத்தேன். அம்மா செபமாலையை மடியில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையில் எடுத்தார்.

"எத்தினை பேர் அம்மம்மா?" மகள் கேட்டாள், நான் சொல்லிக்கொடுத்தபடியே.

அம்மா எண்ணவில்லை. படகுக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிறந்து வளர்ந்தது கடற்கரையில்.

"கோல் ஊண்டிறான்" என்றார். "கோல் ஊண்டிறான் எண்டால் தரை கிட்ட. இன்னும் எஞ்சின் இறக்கிற ஆழம் வரேல்லை. இவையள் இப்பதான் வெளிக்கிடினம்."

எனக்கு அந்தக் கோல் ஞாபகமே இல்லை. எஞ்சின் சத்தம் மட்டும்தான். அதற்கு முன் ஒரு நேரம் இருந்திருக்கிறது, சத்தமில்லாத நேரம், மைம்மல் பொழுதில் கோல் மணலில் ஊன்றி ஊன்றி எங்களைத் தள்ளிக்கொண்டுபோன நேரம்.

"ஏன் ஒருத்தரும் முகம் காட்டேல்லை?" என்றாள் மகள்.

அம்மா சீட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"கரையில நிண்டு பாத்தால் இப்பிடித்தான் தெரியும். முதுகுதான் தெரியும்." கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்பா நிண்டவர்" என்றார். "இருட்டுமட்டும் நிண்டிருப்பார்."

சீட்டை அவர் என்னிடம் திருப்பித் தரவில்லை. செபப் புத்தகத்தைத் திறந்து, பேசாலையிலிருந்து கொண்டுவந்த அந்தோனியார் படத்துக்கும் சூசையப்பர் படத்துக்கும் நடுவில் வைத்து மூடினார்.