இரண்டு தண்ணீர்

வாத்துக் கொட்டிலின் படலில் நான் கை வைத்ததும் பெரியம்மா தடுத்தார். "தொறக்காத தம்பி. இன்னும் மூணு பாக்கி இருக்கு."

பாக்கி என்றது முட்டைகளை. வாத்து பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் முட்டையிடும். கோழியைப் போலக் கேறிக்கொண்டு மூலை தேடி அலையாது. நின்ற இடத்தில் போட்டுவிட்டுப் போய்விடும். அவசரப்பட்டுத் திறந்தால் மீதி முட்டை குளத்துக்குள் கிடக்கும். அதனால் கோழிகள் ஐந்தரை மணிக்கே முற்றத்துக்கு இறங்கிவிட, வாத்துகள் எட்டரை வரை உள்ளேயே இருக்கின்றன. ஒரே கொல்லையில் வளர்ந்தாலும் இரண்டுக்கும் பொழுது வேறு வேறு நேரத்தில் விடிகிறது.

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு சிற்றூர். மாசி மாதம், சம்பா அறுவடை முடிந்து வயல்கள் வெறுந்தாளாகக் கிடந்தன. பெரியம்மாவிடம் இருபத்திரண்டு கோழிகள், ஒன்பது வாத்துகள், நான்கு மணிலா வாத்துகள், காவலுக்கென்று இரண்டு கினிக்கோழிகள். நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. போன கார்த்திகையில் எங்கள் வீட்டில் பன்னிரண்டு வாத்துக்குஞ்சுகளில் ஒன்பது ஒரே வாரத்தில் செத்தன. அதே தட்டில் தின்ற கோழிக்குஞ்சுகள் துள்ளிக்கொண்டு திரிந்தன. அந்த ஒன்பதையும் தென்னைமரத்தடியில் புதைத்த நாளிலிருந்து மனசு ஆறவில்லை.

கேட்டதும் அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "கடலப் புண்ணாக்கு போட்டியா?"

போட்டிருந்தேன். மழைநாளில் வாங்கியது. சாக்கின் அடியில் லேசாக ஈரம் ஏறியிருந்தது. முகர்ந்து பார்த்துத்தான் போட்டேன் என்றேன். "பூசணம் மூக்குக்கும் கண்ணுக்கும் தெரியணும்னு இல்லப்பா. ஐப்பசி கார்த்திகைல வாத்துக்குப் புண்ணாக்கே கூடாது."

அவர் சொல்வதற்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. வாத்துக்குஞ்சுகளும் செத்தன. தேடிப் போனபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூசணம் விட்டிருந்த நஞ்சு அகப்பட்டது. அஃப்ளடாக்சின் என்று அதற்குப் பிறகுதான் பெயர் வந்தது. கோழி ஓரளவு தாங்கும் அந்த நஞ்சை வாத்துக்குஞ்சின் ஈரல் தாங்காது. பெரியம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. எந்த மாதத்தில் எதை நிறுத்த வேண்டும் என்பது தெரியும்.

கொல்லையைச் சுற்றி நடந்தபோது முதலில் கண்ணில் பட்டது தண்ணீர் வைத்திருந்த விதம். வீட்டை ஒட்டிய மேட்டில், செங்கல் மேல் ஆழமில்லாத மண்சட்டிகள், அவை கோழிக்கு. கொல்லையின் மறுகோடியில், வாழைக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி, அது வாத்துக்கு. நடுவில் முப்பது தப்படி இருக்கும். வாத்து ஒரு வாய் தீவனம் எடுத்தால் ஒரு வாய் தண்ணீர் குடிக்கும். அலகை மட்டும் நனைத்தால் போதாது. மூக்கும் கண்ணும் முங்க வேண்டும், இல்லையென்றால் கண் ஒட்டிக்கொள்ளும். அப்படி முங்கிச் சிலுப்புகிற தண்ணீரில் சுற்றியுள்ள தரை சேறாகிவிடும். அந்தச் சேற்றில் கோழிக்குஞ்சு மிதித்தால் ரத்தக் கழிச்சல். ஒன்றுக்கு உயிராக இருப்பது இன்னொன்றுக்கு நோயாகிறது. சேர்த்து வளர்ப்பதில் தோற்றுப்போகிற வீடுகள் பெரும்பாலும் இந்த ஈரத்தில்தான் தோற்கின்றன என்று எனக்குப் படுகிறது. இங்கே தொட்டித் தண்ணீரைச் சாய்த்துவிட்டால் அழுக்கோடு வாழைக்குப் போய்விடுகிறது. அந்தத் தார்களைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது.

தீவனமும் அப்படியே இரண்டு வழி. கோழிக்குக் கம்பும் குருணையும் உலர்வாக வாரி இறைக்கிறார். கிளறித் தின்பதுதான் அதற்கு வேலை. வாத்துக்கு அரைமணி பிடித்த கருக்காய் நெல்லை முந்தின இரவே ஊறப்போட்டு, தவிடு பிசறி, நசுக்கிய நத்தையோடு வைக்கிறார். உலர்ந்த மாவு வாத்தின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வாத்துக்குஞ்சுக்கு மட்டும் தவிட்டோடு ஒரு பிடி கருவாட்டுத் தூள் கூடுதல். கோழிக்குஞ்சைவிட அதற்கு நயாசின் சத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு வேண்டும். வெறும் நொய்யிலேயே வளர்த்தால் கால் வளைந்து உட்கார்ந்துவிடும்.

பஞ்சாரம் கோழியை உள்ளே அடைக்கத்தான் என்று நினைத்திருந்தேன். இங்கே ஒரு பஞ்சாரத்தின் விளிம்பை நான்கு செங்கல் மேல் தூக்கி வைத்து, அடியில் குஞ்சுத் தீவனம் வைத்திருந்தார். குஞ்சுகள் நுழைந்து தின்கின்றன; பெரியவை வெளியே நின்று கழுத்தை நீட்டிப் பார்க்கின்றன. முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுகள் எட்டாத உயரத்தில் தொங்கவிட்டிருந்தார். அதில் சுண்ணாம்புச் சத்து நூற்றுக்கு நான்கு பங்கு வரை இருக்கும். முட்டை ஓட்டுக்கு அது நல்லது. வளர்கிற குஞ்சின் சிறுநீரகத்துக்குக் கெடுதல்.

முற்றத்து ஓரத்தில் கவிழ்த்திருந்த பானையை நிமிர்த்தியபோது உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கரையான். முந்தின மாலை ஈரச் சாணமும் பழைய சாக்குத் துண்டும் திணித்துக் கவிழ்த்து வைத்ததாம். கோழிக்குஞ்சுகளுக்கு அன்று கறிச்சோறு.

ஆண் வாத்து ஒன்றே ஒன்றுதான் வைத்திருக்கிறார். கூட இருந்த இன்னொன்றைப் போன வருஷம் விற்றுவிட்டார். பெட்டை போதாதபோது ஆண் வாத்து கோழியையும் மிதிக்கப் பார்க்கும்; கோழியின் உடம்பு அதற்கு ஏற்றதல்ல, உள்ளே புண்ணாகிச் செத்தே போகும். இதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. ஒரு நல்ல விடைக்கோழியை அப்படி இழந்திருக்கிறார்.

நாட்டு வாத்து ஒழுங்காக அடைகாக்காது. மணிலா வாத்து காக்கும், ஆனால் அதன் முட்டைக்கு முப்பத்தைந்து நாள். ஆகவே வாத்து முட்டைகளை அடைக்கோழிக்குக் கீழே வைக்கிறார். வாத்துக்கு இருபத்தெட்டு நாள், கோழிக்கு இருபத்தொன்று. முதலில் வாத்து முட்டை, சரியாக ஏழு நாள் கழித்துக் கோழி முட்டை. இரண்டும் ஒரே நாளில் பொரியும். கடைசி வாரத்தில் வாத்து முட்டைகள் மேல் மட்டும் விரலால் தண்ணீர் தெளிக்கிறார், ஓடு காயாமல் இருக்க. அங்கேயும் ஈரம் அளந்துதான். பொரித்த பிறகு இறகு முளைக்கும்வரை குளத்துப் பக்கம் விடுவதில்லை. தாய்வாத்தின் நெய் படாத அந்தத் தூவி நனைந்தால் குளிரிலேயே குஞ்சு விறைத்துவிடும்.

பத்து மணிக்கு வாத்துகளோடு குளத்துக்குப் போனோம். வழக்கமாக ஜனவரி 28-ல் மேட்டூர் அணையை மூடுவார்கள்; அதற்குப் பிறகு வாய்க்கால் வறண்டு, குளம் நாளுக்கு நாள் சுருங்கும். பெரியம்மா முதலில் கரையோடு ஒரு சுற்று நடந்து பார்த்தார். "மீன் செத்து மெதந்தா அன்னைக்கே வாத்த நிறுத்திடணும்." அழுகல் குளத்தில் பெருகும் நஞ்சு வாத்தின் கழுத்தைத் துவளவைத்துவிடும். தலையைத் தூக்க முடியாமல் அது தண்ணீரிலேயே மூழ்கும். அன்று மீன் ஏதும் மிதக்கவில்லை. வாத்துகள் வரிசையாக இறங்கின.

வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசியைக் கால்நடை மருந்தகத்தில் தவறாமல் போட்டுவிடுகிறார். புதிதாக வாங்கும் வாத்தை இரண்டு வாரம் தனியே கட்டி வைக்கிறார். அந்த நோயை வாத்து வெளியே காட்டாமல் சுமந்து வந்து கோழிக்குக் கொடுத்துவிடலாம்.

முட்டைக் காசு முழுவதும் அவர் கையில்தான். பேத்தியின் கல்லூரிப் பேருந்துச் செலவு அதிலிருந்து போகிறது. இதையெல்லாம் "சும்மா வீட்டுல இருக்கேன்" என்று அவர் சொன்னபோது எனக்குக் கோபம்கூட வந்தது.

கிளம்பும்போது உமியில் புதைத்து ஒன்பது வாத்து முட்டைகள் கொடுத்தார். நான் எண்ணவில்லை, அவர் எண்ணித்தான் கொடுத்திருக்கிறார்.

"வீட்டுல அடைக்கோழி இருக்கா?"

"ஒண்ணு இருக்கு பெரியம்மா."

"அப்ப இன்னைக்கு ராவே வச்சிடு. கோழி முட்டைய அடுத்த செவ்வாக்கெழம வையி."