கேமராவை மாற்றுமுன் லென்ஸைப் பாருங்கள்



2008-ஆம் ஆண்டில் பானசோனிக் நிறுவனத்தின் ஜி1 வெளிவந்ததிலிருந்து பரவத் தொடங்கிய மிரர்லெஸ் கேமரா, இன்று நம் திருமண வீடுகளில் எல்லாம் காணப்படுகிறது. உள்ளே கண்ணாடி இல்லை. லென்ஸ் வழியே வரும் ஒளி நேராகச் சென்சாரின் மேல் விழுகிறது. ஆனாலும் படம் தெளிவாக இல்லையென்றால் நாம் முதலில் குறை காண்பது கேமராவின் பாடியையே.

திருமணங்களைப் படம்பிடித்துக் குடும்பத்தைத் தாங்கும் வாலிபர் ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். மாலை நேரப் படங்கள் மணல் தூவினாற்போல் இருப்பதால், வட்டிக்குக் கடன் வாங்கி உயர்ந்த பாடி ஒன்றை வாங்கப்போவதாகச் சொன்னார். தங்கையின் படிப்புச் செலவும் அவர் தோளில்தான் இருக்கிறது. ஆகவே கையெழுத்திடுமுன் ஒரு சோதனை செய்துபார்ப்போம் என்றேன். அதில் கண்ட மூன்று காரியங்களை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலாவது, ஒளியின் அளவு. மாலை விளக்குகளின் கீழ் ஆலயத்தில் ஒரு பாட்டியம்மாளை அமரச் செய்தோம். கேமராவோடு வந்த 18-55 ஜூம் லென்ஸை 50-க்கு அருகில் வைத்தபோது, அதன் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்கவில்லை. ஷட்டர் வேகம் 1/125 நொடி, ஐ.எஸ்.ஓ. 6400 வரை ஏறியது. அதே பாடியில் இரவல் வாங்கிய 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் பொருத்தினோம். துளையின் குறுக்களவு மூன்று மடங்குக்குச் சற்று மேல் விரிந்தது. உள்ளே வந்த ஒளி ஏறக்குறைய பத்து மடங்கு. ஐ.எஸ்.ஓ. 640 போதுமானதாயிற்று. முதல் படத்தில் அழிந்துபோன கன்னச் சுருக்கங்களும் நெற்றியோர நரைமுடியும் இரண்டாம் படத்தில் தனித்தனியே தெரிந்தன. அதே அளவு சென்சாருள்ள எந்தப் புதிய பாடியும் பத்து மடங்கு ஒளியைக் கூட்டித் தராது.

இரண்டாவது, ஒவ்வொரு லென்ஸுக்கும் ஓர் எல்லை உண்டு. எஃப் 1.8-இல் அருகிலிருந்து எடுத்தால் மணமகளின் கண்கள் கூர்மையாக விழும். ஓரடி பின்னால் நிற்கும் மணமகனின் முகம் மங்கிவிடும். இருவருக்கும் எஃப் 4 அளவுக்குத் துளையைச் சுருக்குவதே நலம். பெரும்பாலான லென்ஸ்கள் முழுத் திறப்பைவிட ஓரிரு படி சுருக்கும்போதே ஓரம்வரை தெளிவு தருகின்றன. பகல் வெளிச்சத்தில் எஃப் 8-இல் எடுத்தபோது, அந்தச் சாதாரண ஜூம் லென்ஸின் படத்தையும் மற்றதன் படத்தையும் என்னால் எளிதில் பிரித்தறியக் கூடவில்லை.

மூன்றாவது, பழையதும் பயன்படும். நிக்கானின் பழைய எஸ்.எல்.ஆர். கேமராக்களில் லென்ஸ் பொருந்தும் இடத்திற்கும் பிலிமுக்கும் இடையே 46.5 மி.மீ. தூரம், அதன் இசட் வரிசை மிரர்லெஸ்ஸில் 16 மி.மீ. மட்டுமே. மிச்ச இடைவெளியை ஓர் அடாப்டர் நிரப்பிவிடும். ஃபோகஸைக் கையால் திருப்ப வேண்டும். ஜன்னல் வெளிச்சம் எதிரே நின்றால் படம் வெளுக்கும். ஆனாலும் அசையாமல் அமர்ந்திருப்பவரின் முகத்திற்கு அது இன்றும் போதும். பீரோவில் கிடப்பதைப் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாடி முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. ஓடும் பிள்ளையின் கண்ணைத் தானாகப் பின்தொடரப் புதிய பாடி மிகவும் உதவும். ஆனால் அந்த வாலிபரின் குறை அது அல்ல. பாடியின் விலையில் ஒரு சிறு பங்கிற்கு அவர் 50 மி.மீ. லென்ஸை வாங்கினார், கடன் பத்திரம் கையெழுத்தாகவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை புதிய கேமரா கேட்டால் கோபப்படாதீர்கள். உடனே கடனும் வாங்காதீர்கள். எந்த வெளிச்சத்தில், யாரை, எந்த லென்ஸால் எடுக்கிறாய் என்று கேளுங்கள். ஒரு நாள் வாடகைக்கு ஒரு லென்ஸ் எடுத்து, வீட்டு விளக்கின் கீழ் தன் தாயின் முகத்தை அவன் படம்பிடிக்கட்டும். விலையைப் பற்றி அதன்பின் பேசலாம்.