பரணுக்குப் போகுமுன்

மார்கழி 3

உத்தியோகத்திலிருந்து மாலையில் வீடு திரும்புகிறவர்களுக்கு உண்டாகும் அயர்வு முழுவதும் உத்தியோகத்தால் விளைந்ததே என்று கொள்வது சரியன்று என்னும் அபிப்பிராயம் சில காலமாக என் மனத்தில் உறுதிப்பட்டு வருகிறது. கதவைத் திறந்ததும் கண்ணில் படும் சாப்பாட்டு மேஜையின் மீது, மின்கட்டண ரசீதும், பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கையும், பாதி தீர்ந்த இருமல் மருந்தும், இன்னும் பிரித்துப் பாராத கல்யாணப் பத்திரிகையும், எந்தக் கைப்பேசிக்கு உரியதென்று வீட்டில் எவருக்கும் தெரியாத சார்ஜரும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்குமானால், அவை ஒவ்வொன்றும் நாம் ஒத்திவைத்த ஒரு தீர்மானத்தையே நினைவூட்டுகின்றன. பகலெல்லாம் பிறர் காரியங்களில் தீர்மானம் செய்து களைத்த மனம், வீட்டுக்குள் வந்த பின்னும் அந்த வேலையிலிருந்து விடுதலை பெறுவதில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களை வைத்து, டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெபெட்டி என்னும் இரு உளவியல் அறிஞர்கள் செய்த ஆராய்ச்சியொன்று 2010-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 60 பேரிடம் அவரவர் வீட்டைத் தாமே சுற்றிக் காட்டிப் பேசச் சொல்லி, அந்தப் பேச்சைப் பதிவு செய்ததோடு, அவர்களுடைய உமிழ்நீரில், மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் என்னும் சுரப்பின் அளவையும் சில நாள்கள் பார்த்தார்கள். காலையில் உயர்ந்திருந்து மாலைக்குள் நன்கு தணிய வேண்டிய அந்தச் சுரப்பு, தம் வீட்டை அடைசலென்றும் முடியாத வேலைகள் நிறைந்ததென்றும் வருணித்த மனைவியரிடம் அவ்வாறு தணியவில்லை. காரணம் ஊகிக்கக் கூடியதே. வீடு எவ்வளவு பேருக்குச் சொந்தமாயினும், அதன் ஒழுங்கீனத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவள் ஒருத்திதான் என்று உலகம் நினைக்கிறது. அவளும் அப்படியே நினைக்கப் பழகிவிட்டாள். இது கடல் கடந்த தேசத்துக்கு மட்டும் உரிய விஷயமன்று.

மார்கழி 6, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவிட்டு வீட்டைத் தலைகீழாக்கி ஒழித்துவைப்பதென்று சங்கற்பம் செய்துகொள்வது, வேலைக்குப் போகும் குடும்பங்களில் அடிக்கடி நிகழ்கிறது. ஜப்பானிய மாது மேரி கோண்டோ உலகப் பிரசித்தி அடைந்தது இப்படிப்பட்ட பெருமுயற்சியைப் போதித்துத்தான்: துணியானால் வீட்டிலுள்ள எல்லாத் துணியையும் ஒரே இடத்தில் குவித்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அது உள்ளத்துக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று பார்த்து, தருவதை மட்டும் வைத்துக்கொள்ளும்படி அவர் சொன்னார். அம்முறையின் அழகை நான் மறுக்கவில்லை. கையில் எடுத்துப் பார் என்ற சொல்லில் பொருளுக்குச் செய்யும் மரியாதையும் இருக்கிறது. ஆனால் குவித்ததைத் திரும்ப அடுக்கி முடிக்க அவகாசம் உள்ளவர்களுக்கே அது சரிப்படும். மூன்று குழந்தைகளுக்குத் தாயான பிறகு, வீட்டை முன்போல் ஒழுங்காக வைத்துக்கொள்வதை ஒருவாறு விட்டுவிட்டதாகவும், குழந்தைகளோடு இருப்பதே இப்போது முக்கியமென்றும் அவரே 2023-ஆம் ஆண்டில் சொன்னபோது, அவர்மீது எனக்கிருந்த மதிப்பு கூடிற்று.

எங்கள் வீட்டில் கைகொடுப்பது வேறொரு வழி. அடுப்பில் இட்லி வேகும் பத்து நிமிஷமும், பில்டரில் டிகாஷன் இறங்கும் நேரமும், எப்படியும் சமையலறையில் நின்றே கழிக்க வேண்டியவை. அந்த நேரத்துக்குள் ஓர் இழுப்பறையை மட்டும், அல்லது குளிர்சாதனப் பெட்டியின் ஒரு தட்டை மட்டும் பார்ப்பது. இட்லிப் பானையை இறக்க வேண்டிய தருணம் வந்ததும், பாதியில் இருந்தாலும் நிறுத்திவிடுவது. நிறுத்துவது தொடங்குவதைப் போலவே அவசியம். இன்று அலுத்துப்போகிற கை நாளைக்கு அந்த இழுப்பறையைத் திறக்க மறுக்கும். காய்கறி வாங்கப் புறப்படுமுன் கீழ்த்தட்டைப் பார்த்துவிட்டால், வாடிய கொத்தமல்லிக்கு மேல் புதுக் கொத்தமல்லி ஏறுவதும் நிற்கிறது.

மார்கழி 9

சாமான் வீட்டுக்குள் வரும் வழி ஒன்றுதான், அது வாசற்படி. உள்ளே சேர்ந்துவிட்ட பின் அதை வெளியேற்றுவதற்கு எவ்வளவு யோசனை வேண்டியிருக்கிறதோ, அதில் ஒரு பங்குகூட வாசலிலேயே அதைத் தீர்த்துவிடுவதற்கு வேண்டியதில்லை. தபாலையும் விளம்பரத் தாள்களையும் நின்றபடியே பார்த்து, வேண்டாதவற்றை உடனே பழைய பேப்பர் கட்டில் சேர்ப்பதும், தருவித்த சாமானின் அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்குவதும், சாவிக்கென்று ஒரு தட்டை மாடத்தருகே வைத்து அதில் மட்டுமே போடுவதும் செருப்பைக் கழற்றும் வேளையில் முடிந்துவிடுகிற காரியங்கள்.

தாம்பூலப் பைகளின் விஷயம் சற்று விரிவாக எழுதத் தக்கது. ஒரு முகூர்த்த மாதத்தில் எத்தனை வீட்டு விசேஷத்துக்குப் போகிறோமோ அத்தனை பைகள் வந்து சேர்கின்றன. தேங்காயும் வெற்றிலை பாக்கும் அன்றோ மறுநாளோ செலவாகிவிட, பையும், கூட வந்த சிறு எவர்சில்வர் கிண்ணமும் மங்கலத்தின் அடையாளமாகையால் எறிய மனம் வராமல் பரணுக்குப் போகின்றன. மனம் வராதது நல்ல சுபாவமே. ஆனால் மங்கலப் பொருளுக்குப் பரணில் தூசு படிவது மரியாதையாகாது. கடைக்குப் போகும்போது தோளில் தொங்குவதே பைக்குரிய மரியாதை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாட்டரசு தடை செய்து, பின்னர் மஞ்சப்பையை மீண்டும் வழக்கத்துக்குக் கொண்டுவர இயக்கமும் தொடங்கியிருக்கையில், வீட்டுக்கு இரண்டு மூன்று துணிப்பைகளை மட்டும் கதவருகே மாட்டிவிட்டு, மற்றவற்றைத் தெருமுனைக் காய்கறிக்காரம்மாவிடம் கொடுத்தால் அவர் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறார். மூடி காணாமற்போன ஓட்டல் பார்சல் டப்பாக்களுக்கு இத்தகைய பரிவு தேவையில்லை.

மார்கழி 13

மழை ஓய்ந்தபின் இன்று பால்கனியைப் பார்த்தேன். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சாக்கடையைவிடத் தேங்கி நிற்கும் தெளிந்த நீரையே விரும்புகிறது. உடைந்த தொட்டி, பெயிண்ட் டப்பா, கொட்டாங்கச்சி எதுவாயினும் அதற்குப் போதும். அதன் முட்டைகள் நீர் வற்றிய பின்னும் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மறுபடி நீர் பட்டதும் பொரிந்து, ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். ஆகவே ‘எப்போதாவது உதவும்’ என்று வெளியே போட்டுவைக்கும் பாத்திரத்தை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்க்க முடியாதென்றால், அதை வைத்துக்கொள்ளாமல் இருப்பதே உசிதம். படுக்கையறையிலிருந்து குளியலறைக்குப் போகும் வழியும் இதே கண்டிப்புக்கு உரியது. இரவில் எழுந்து நடக்கும் முதியவர்களின் காலில் இடறக்கூடிய மிதியடி, மடக்கு நாற்காலி, ஒயர் ஒன்றும் அங்கே கிடக்கலாகாது.

மார்கழி 18

“தூக்கிப் போடறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டுடும்மா” என்றார் அத்தை. “கேக்காம உங்க டிரங்குப் பெட்டியைத் தொடமாட்டேன் அத்தை” என்று சொன்னேன். அப்படியே இந்த வீட்டில் ஒரு நியமம் ஏற்பட்டது: ஒருவருடைய பொருளை மற்றொருவர் கழிக்கக் கூடாது, குழந்தையின் உடைந்த பொம்மைக்கும் இது பொருந்தும்.

ஒழித்துவைப்பதில் விவேகம் தவறினால் என்ன நேரும் என்பதை உ. வே. சாமிநாதையரின் அனுபவத்தைப் படித்தவர்கள் அறிவார்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுண பாண்டியரைச் சேர்ந்த ஏடுகள் இருந்தன என்று கேள்விப்பட்டு அவர் ஆவலோடு சென்று விசாரித்தபோது, சிதிலமான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாக அங்கே சொன்னார்கள். இட்டவர்கள் அதைப் புண்ணியமென்றே கருதிச் செய்தார்கள் என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது. பழைய கடிதங்கள், கையெழுத்துக் கணக்குகள், பின்புறத்தில் பெயர் எழுதிய புகைப்படங்கள் ஆகியவற்றை ஒருபோதும் பத்து நிமிஷ வேலையில் சேர்க்கலாகாது. அவற்றுக்கு ஒரு பெட்டியும், நிதானமாக உட்கார ஒரு பகலும், படித்துச் சொல்ல ஒரு பெரியவரும் வேண்டும்.

மார்கழி 25

போகிக்கு எதையெல்லாம் எரிக்கலாமென்று மாடிவீட்டுப் பிள்ளைகள் இப்போதே டயர் சேர்க்கிறார்கள். கிழிந்த பாயும் தேய்ந்த துடைப்பமும் எரிந்த காலத்தில் அந்தப் புகை அவ்வளவு தீங்கு செய்திருக்காது. டயரும் பிளாஸ்டிக்கும் எரியும் புகை குழந்தைகளின் சுவாசத்துக்கு நஞ்சு. 2018-ஆம் ஆண்டுப் போகியன்று சென்னையில் புகை மண்டலம் கவிந்து, விமானங்கள் இறங்க இயலாமல் வேறு நகரங்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. பிள்ளைகளின் பெற்றோரிடம் இன்றிரவே பேசினேன். பழைய பேப்பர்காரர் டயரையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். துவைத்து மடித்த நல்ல துணிகள் கேட்டு வாங்குகிறவர்களுக்குப் போகும். கெட்டுப்போன சார்ஜர்களும் பேட்டரிகளும் மின்னணுக் கழிவு வாங்குமிடத்துக்கு.

மார்கழி 29

மேஜை இன்று மாலை வெறுமையாக இருந்தது. மகள் அதில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். மருந்துப் பெட்டி ஒன்றுதான் பாக்கி. பெரும்பாலான கண் சொட்டு மருந்துகளைத் திறந்து ஒரு மாதத்துக்கு மேல் உபயோகிக்கலாகாதாகையால், இனித் திறக்கும் நாளைக் குப்பியின் மேலேயே எழுதிவிட வேண்டும். காலாவதியான மாத்திரைகளைக் குப்பைக் கூடையில் கலக்காமல் அபாயக் கழிவென்று தனியே கட்டிக் கொடுக்க வேண்டும். அத்தையின் ரத்த அழுத்த மாத்திரை தீரப்போகிறது. நாளை கடை அடைக்குமுன் வாங்கிவிட வேண்டும்.