மாமா வரட்டும், பாட்டு காத்திருக்கும்!

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், கோவளத்தை அடுத்து வருகிறது திருவிடந்தை. நித்யகல்யாணப் பெருமாள் குடியிருக்கும் ஊர். காலவ முனிவரின் 360 பெண்களையும் நாளுக்கு ஒருவராகக் கரம்பிடித்தார் வராகப் பெருமாள் என்கிறது தலபுராணம். வரன் அமையாதவர்கள் இங்கே வந்து மாலை போட்டுக்கொண்டு பிராகாரம் சுற்றுகிறார்கள். கல்யாணம் ஆனதும் அதே மாலையை, காய்ந்து சருகாகியிருந்தாலும், பத்திரமாக எடுத்துக்கொண்டு ஜோடியாக வருகிறார்கள்.

பெருமாள் நாள் தவறாமல் கல்யாணம் செய்துகொண்ட கடற்கரையில், தை பிறந்துவிட்டால் மனிதர்களும் சளைப்பதில்லை. இங்கிருந்து மாமல்லபுரம் வரை ரிசார்ட் வாசல்களில் பூ வளைவுகள். முகூர்த்தம் எந்த ஊரில் நடந்தாலும் வரவேற்பு மட்டும் கடல் பார்த்த புல்வெளியில் வேண்டும் என்று கேட்கும் குடும்பங்கள் நிறைய. அந்தப் புல்வெளியின் ஓரத்தில், கறுப்புத் துணி போர்த்திய மேஜைக்குப் பின்னால் நிற்பவர் டிஜே. விருந்தினர்கள் கண்ணுக்கு அவர் பாட்டுப் போடுகிற பையன். அன்றைய மாலையின் கடிகாரமே அவர் விரலில்தான் இருக்கிறது.

ஆட்டம் பாட்டமெல்லாம் பிறகு. டிஜேவுக்கு வியர்க்கிற இடம் 'என்ட்ரி'. பெண்ணைப் பெற்றவர்கள், பிள்ளையைப் பெற்றவர்கள், தாய்மாமன், அத்தை, நாத்தனார், நண்பர் பட்டாளம், கடைசியில் மணமக்கள். ஆளுக்கொரு பாட்டு. முழுப் பாட்டு கிடையாது, அதில் கொஞ்சம் விநாடிகள்தான். தொகுப்பாளர் பெயரைச் சொல்லி முடிப்பதும், பாட்டில் அந்தத் தூக்கலான இடம் விழுவதும், ஆள் வளைவுக்குள் கால் வைப்பதும் ஒன்றாக நிகழ வேண்டும். அதற்காக ஒவ்வொரு பாட்டிலும் தொடங்க வேண்டிய இடத்தை முன்கூட்டியே லேப்டாப்பில் குறித்து வைக்கிறார்கள். பொத்தானைத் தொட்டால் முன்னிசை இல்லாமல் நேரே அங்கிருந்து ஒலிக்கும்.

பாட்டைக் குறித்து வைத்துவிடலாம். மனிதர்கள் குறித்தபடி நடக்க வேண்டுமே! பட்டுப்புடவையில் மணப்பெண் புல்வெளியைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஹீல்ஸ் மண்ணில் புதையும். பாட்டி நடுவழியில் நிறுத்திப் பேத்திக்கு நெட்டி முறிப்பார். போட்டோகிராபர் "இன்னொரு தடவை நடந்து வாங்க" என்பார். அனுபவப்பட்ட டிஜே பாட்டின் ஒரு சின்னத் துண்டை லூப்பில் சுழலவிட்டு, ஆள் மேடை ஏறும்வரை அதையே ஓட்டுவார். கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. வளைவுக்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்பது மேஜையிலிருந்து தெரியாது என்பதால், வாக்கி டாக்கியோடு ஒருவரை அங்கே நிறுத்துவதும் உண்டு. அவர் "ரெடி" சொல்லாமல் பொத்தானில் விரல் படாது. பாட்டுகளை லேப்டாப்பில் ஒரு பிரதி, பென் டிரைவில் ஒரு பிரதி வைத்துக்கொள்வார்கள். போனிலிருந்து போட நேர்ந்தால் முதலில் ஏரோபிளேன் மோடு. இல்லாவிட்டால் மணமகள் நுழைகிற நேரம் பார்த்து, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்கிற அழைப்பு ஸ்பீக்கரில் மணியடிக்கும்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் பெயர்ப் பட்டியல். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. அழைப்பிதழில் மாலை 6.30 என்று அச்சடித்தாலும் பெண்ணின் அலங்காரம் முடிய எட்டரை ஆகிவிடும். அப்போது கத்தரி விழுவது என்ட்ரியில்தான். "நேரமில்லை, நேரா பொண்ணு மாப்பிள்ளையைக் கூப்பிடுங்க" என்று யாரோ அவசரத்தில் சொல்லிவிட, வளைவுக்குப் பின்னால் புது வேட்டியோடு காத்திருக்கும் தாய்மாமன் அப்படியே நின்றுவிடுவார். சீர்த்தட்டு சுமந்து வந்த மனிதர். அந்த மனத்தாங்கல் அடுத்த தலைமுறையின் காதுகுத்து வரை வரும். விவரமான டிஜே முதல் நாளே வீட்டின் மூத்த பெண்மணியைத் தேடிப் பிடித்து, "நேரம் போனா யாரை மட்டும் விடக் கூடாதும்மா?" என்று கேட்டு வைத்துக்கொள்வார். நண்பர்கள் நடனத்தில் ஒரு பாட்டு குறைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

பத்து மணி விதியைத் திட்டுகிறவர்கள் உண்டு. ஆனால், ரிசார்ட் மதிலுக்கு அந்தப் பக்கம் மீனவர் குப்பங்கள். விடியுமுன் படகு தள்ள வேண்டியவர்கள் தூங்குகிற நேரம் அது. நியாயமான விதிதான்.

மாமல்லபுரத்திலிருந்து மேற்கே, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு முப்பது கிலோமீட்டர் போல. 2019-ல் தனி மாவட்டத்துக்குத் தலைநகரான ஊர். இங்கே மண்டபங்களில் காலை முகூர்த்தத்துக்கு இதே வேலையை லேப்டாப் இல்லாமல் செய்கிறார்கள் நாதஸ்வரக்காரரும் தவில்காரரும். ஊஞ்சலுக்குக் குறிஞ்சி, முடிவில் மத்யமாவதி என்று அவர்களுக்கும் ஒரு பட்டியல் உண்டு. அது மனசில் இருக்கிறது. வாசிப்பது என்னவோ ராகம். கண் முழுக்கப் புரோகிதர் கைமேல். அவர் விரலை உயர்த்தி "கெட்டிமேளம்" என்றதும், எந்த ராகத்தில் எந்த இடத்தில் இருந்தாலும் சட்டென விட்டுவிட்டுக் கொட்ட வேண்டும். தும்மலோ அபசகுனச் சொல்லோ தாலி கட்டும் நேரத்தில் காதில் விழக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு என்பார்கள். மாப்பிள்ளையின் கை நடுங்கி முடிச்சு விழத் தாமதமானால் மேளமும் நீளும். கடற்கரையில் அதை லூப் என்கிறார்கள். இங்கே அதற்குத் தனியாகப் பெயர் கிடையாது.

இப்போது தவில்காரருக்குப் பெரிய தொல்லை கேமராக்கள். தாலி கட்டும் நேரத்தில் மேடையைச் சுற்றி அரண்போல நின்றுகொள்கிறார்கள், புரோகிதரின் விரலே தெரிவதில்லை. ஒலிபெருக்கியில் குரல் கேட்டால் சரி, இல்லாவிட்டால் மேடைக்குக் கீழே யாராவது கையசைக்க வேண்டும். அட்சதை தூவ எழுந்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்தே நேரத்தை ஊகிக்கிறவர்களும் உண்டு. மங்களம் வாசித்து, தவிலை உறையில் போட்டு, கடைசிப் பந்தியில் இலை முன்னால் அவர்கள் உட்காரும்போது அநேகமாக வடை தீர்ந்திருக்கும்.