நாங்க எங்கயும் போடலையே

2023 டிசம்பரில், மிக்ஜாம் வெள்ளம் வடிந்த வாரத்தில் எனக்கு நல்ல வருமானம். பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் கீழ்த்தளத்து வீடுகளில் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் தண்ணீரில் நின்றிருந்தன. கரண்ட் வந்ததும் ஜனங்கள் போனை எடுத்து, கம்பெனிப் பெயரோடு 'சர்வீஸ் சென்டர்' என்று கூகுளில் அடித்தார்கள். மேலே வந்து நின்றது நான் எழுதிய விளம்பரத் தலைப்பு. அந்தக் கம்பெனிகளுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

எனக்கு வேலை கொடுத்தவர் சின்னதாக ரிப்பேர் கடை வைத்திருப்பவர். தொழில் தெரிந்தவர்தான். பித்தலாட்டம் முழுக்க என்னுடையது.

கூகுள் தேடல் விளம்பரத்தில் ஒரு தலைப்புக்கு 30 எழுத்துதான் இடம். 15 தலைப்பு வரை எழுதிக் கொடுக்கலாம். எதை எதோடு சேர்த்துக் காட்டுவது என்பது இயந்திரத்தின் இஷ்டம். தலைப்பில் ஆச்சரியக்குறிகூடப் போட முடியாது. 'திறமையான மெக்கானிக்' என்று நேர்மையாக எழுதிப் பாருங்கள், ஒருவரும் தொட மாட்டார்கள். தேடியவர் அடித்த சொல்லே தலைப்பில் தெரிந்தால் விரல் தானாக அங்கே போகும். அதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. தலைப்பில் ஒரு குறியீட்டை வைத்துவிட்டால், நம் பட்டியலில் உள்ள கீவேர்டு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் அந்தப் பட்டியலில் பெரிய கம்பெனிகளின் பெயர்களைப் போட்டேன். அடுத்த தலைப்பு, 'பெரம்பூர் சர்வீஸ் சென்டர்'. 'அங்கீகாரம் பெற்ற' என்ற சொல்லை மட்டும் ஜாக்கிரதையாகத் தவிர்த்தேன். படிக்கிறவரே அதை மனசுக்குள் சேர்த்துக்கொள்வார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

கைவசம் ஒரு வழக்கும் வைத்திருந்தேன். பாரத்மேட்ரிமோனியை நடத்திய கன்சிம் இன்ஃபோ நிறுவனம், கூகுள் மீதும் போட்டித் தளங்கள் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 'தமிழ்', 'மேட்ரிமோனி' மாதிரியானவை தொழிலை விவரிக்கும் சொற்கள்தான் என்று 2010-இல் நீதிமன்றம் கருதியது. அப்படியானால் 'சர்வீஸ் சென்டர்' மட்டும் யார் வீட்டுச் சொத்து என்று நண்பர்களிடம் வாதாடுவேன். அதற்கு முன்னால் நிற்கும் கம்பெனிப் பெயரைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டேன்.

ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர் கடைக்குப் போன் செய்தபோது நான் அங்கே இருந்தேன். நான்தான் எடுத்தேன். "தம்பி, கம்பெனி ஆளுங்கன்னு நெனச்சுதான் கூப்பிட்டேன். வெளி ஆள் கை வெச்ச மெஷினுக்கு வாரன்ட்டி கெடையாதுன்னு இப்ப அவங்க சொல்றாங்க."

"சார், நாங்க எங்கயும் கம்பெனின்னு போடலையே" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப என் தப்புதான்" என்று வைத்துவிட்டார். எப்படி மடக்கினேன் என்று அன்றைக்குக் கடைக்காரரிடம் பெருமை பேசினேன். வெட்கம் வரச் சில நாள் ஆயிற்று.

வெட்கம் வந்ததும் அந்தக் கீவேர்டுகளை நீக்கினேன். கடைக்கு அழைப்புகள் சரிந்தன. விளம்பரச் செலவும் குறைந்தது. என் கூலி அந்தச் செலவில் ஒரு பங்கு. கடைக்காரர் கேட்டதால்தான் மறுபடி போட்டேன் என்று சொல்லலாம். அவர் கேட்பதற்கு முன்பே நான் போட்டுவிட்டேன். இதை எழுதும்போதும் அந்த விளம்பரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.